அண்டை அயலும் ஊர்க்காவலும்



ஓர் ஊரில் களவும் கலகமும் இன்றி மக்கள் அச்சமில்லாமல் உறங்க வேண்டுமானால், அதற்குப் பொறுப்பு யாருடையது? காவல் நிலையத்தினுடையது என்று எளிதில் விடை கூறிவிடலாம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இவ்விடை பாதி உண்மையே என்பது விளங்கும். நம் நாட்டில் நெடுங்காலம் தெருவைக் காக்கும் கடமை தெருவாரிடமே பெரிதும் இருந்தது. அரசு அதனை மேற்பார்த்து வந்தது. தெருவாரும் அரசும் ஒருவரையொருவர் அறிந்து நம்பியிருந்தபோது காவல் செம்மையாக நடந்தது. அவ்விணைப்பு அறுந்தபோதெல்லாம் இடையில் மூன்றாமவன் ஒருவன் புகுந்தான். அவன் யார், அவன் எவ்வாறு புகுந்தான், அவனுக்கு இடங்கொடாமல் தெருவாரும் காவலரும் மீண்டும் எவ்வாறு ஒன்று கூடினர் என்பதே இன்று நாம் காணவிருக்கும் செய்தி.

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. காவல் என்று வந்துவிட்டால், எந்த ஊரிலும் முதலில் ஐயத்திற்கு உள்ளாகிறவர் புதிதாக வந்தவரே அல்லவா?

மிகப் பழைய சான்றிலிருந்து தொடங்குவோம். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த நூல். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் நூலகத்திற்கு அளித்த சுவடியைக் கொண்டு ஆர். சாமசாஸ்திரி 1909-ஆம் ஆண்டில் அதனை அச்சிட்டு வெளியிட்டார். நகர ஆட்சியைப் பற்றி அந்நூலில் ஓர் அத்தியாயம் உண்டு. நகரம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பகுதிக்கும் 'ஸ்தானிகன்' என்னும் அதிகாரி இருப்பான். அவனுக்குக் கீழே, பத்து வீடுகளுக்கோ, இருபது வீடுகளுக்கோ, நாற்பது வீடுகளுக்கோ ஒருவனாக 'கோபன்' என்பவன் இருப்பான். அவ்வீடுகளில் வாழ்வோரின் பெயர், தொழில், வரவு, செலவு ஆகிய அனைத்தையும் அவன் அறிந்து வைத்திருக்க வேண்டும். சத்திரத்து நிர்வாகிகள் வழிப்போக்கரைத் தங்க வைப்பதற்கு முன் அவனுக்குத் தெரிவிக்க வேண்டும். வந்தவர் யார், போனவர் யார் என்பது நகர அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று பல பெருநகரங்களில் வாடகைக்கு வருவோரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். வேற்றூரில் வீடு தேடி அலைந்த நேயர்கள் பலர் அப்படிவத்தை நிரப்பியிருப்பார்கள். அதன் வேர் எத்துணைப் பழமையானது என்பதைப் பாருங்கள்.

அர்த்தசாஸ்திரத்துக் காவலில் அரசின் கண்ணே மேலோங்கி நிற்கிறது. அக்பரின் ஆட்சி முறைகளைத் தொகுத்துரைத்த அபுல் பஸலின் ஆயினி அக்பரியில் வேறொரு கருத்தும் சேர்கிறது. நகரக் காவலின் தலைவரான கொத்தவாலின் கடமைகளை அந்நூல் விரித்துரைக்கிறது. அவர் வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். சில வீடுகளைச் சேர்த்து ஒரு மொஹல்லாவாக அமைத்து அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். நாள்தோறும் வருவோர் போவோரைப் பற்றி அறிக்கை பெற வேண்டும். இவற்றோடு, அம்மொஹல்லாவில் வாழ்வோர் இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவர்க்கொருவர் துணை நிற்பதாக உறுதிமொழி கொடுக்கும்படியும் அவர் செய்ய வேண்டும். களவுபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே. அயலாருக்குள் ஒருவர்க்கொருவர் துணையும், அதிகாரியிடத்தில் பொறுப்பும் என்ற இரண்டும் சேர்ந்ததே காவல் என்னும் எண்ணம் இங்குத் தெளிவாகத் தோன்றுகிறது. ஏட்டில் எழுதியபடியே எல்லா நகரங்களிலும் நடந்தது என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. எது நல்ல காவல் என்று அக்காலத்தார் கருதினர் என்பதை அறிய இது போதும்.

தமிழகத்திலும் இவ்வெண்ணம் பழமையானதே. மதுரைக்காஞ்சியைப் பாடிய மாங்குடி மருதனார், நள்ளிரவில் கள்வரைத் தேடித் திரியும் ஊர்காப்பாளரைக் காட்டுகிறார். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'பாடிகாவல்' என்ற பெயரில் ஒரு வரி காணப்படுகிறது. அஃது ஊர்க்காவலின் பொருட்டு வாங்கப்பட்டது. பிற்காலத்தில் தென் மாவட்டங்களில் காவல்முறை என்பது ஓர் உடன்பாடாகவே விளங்கிற்று. ஊரார் விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்காரருக்குக் கொடுப்பார்கள். ஊரில் களவு போனால் காவற்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். இயலாவிடில் அதன் மதிப்பை ஈடுசெய்ய வேண்டும். கேட்பதற்கு இது நியாயமான ஏற்பாடாகவே தோன்றுகிறது.

ஆனால், மேற்பார்க்கும் அரசு தளர்ந்தபோது இந்த உடன்பாடு திரிந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையக்காரர் பலர் தேசகாவல் என்ற பெயரால் தம் எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களிலும் கட்டணம் தண்டினர். கொடுக்க மறுத்த ஊரில் களவு நிகழ்ந்தது. களவுபோன மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்வதற்குத் 'துப்புக்கூலி' கேட்கும் வழக்கமும் பரவிற்று. காப்பதற்குப் பெற்ற கூலி, அஞ்சுவதற்குக் கொடுக்கும் கூலியாக மாறிவிட்டது. நான் முதலில் குறிப்பிட்ட மூன்றாமவன் இவன்தான். அரசுக்கும் தெருவுக்கும் இடையே நின்று, இரு பக்கத்தாருக்கும் தான் இன்றியமையாதவன் என்று காட்டி, அந்த இடைவெளியையே முதலாக்கிப் பிழைப்பவன்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்குறையைக் களைய முற்பட்டனர். 1801-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் தென்பாளையங்களின் படைக்கலங்களும் காவல் உரிமையும் பறிக்கப்பட்டன. வங்காளத்தில் 1793-ஆம் ஆண்டிலேயே ஜமீன்தார்களின் காவற் பொறுப்பு நீக்கப்பட்டு, தாணாவுக்கு ஒரு தாரோகா நியமிக்கப்பட்டிருந்தார். சென்னை மாகாணத்தில் 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி கிராமத் தலைவரையே மீண்டும் ஊர்க்காவலின் தலைவராக்கிற்று. ஆனால் வருவாய் தண்டுவதும் காவலும் ஒரே கையில் சேர்ந்ததால் கொடுமைகள் மலிந்தன. அவற்றை ஆராய அமைந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை 1855-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1859-இல் சென்னை மாகாணத்திற்கும், 1861-இல் பிரிட்டிஷ் இந்தியாவிற்குமாகப் போலீஸ் சட்டங்கள் பிறந்தன.

1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மனப்பான்மை கவனிக்கத்தக்கது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் தோன்றிய சட்டம் அது. ஓர் ஊரில் அமைதி குலைந்தால் அங்கே கூடுதல் காவலரை நிறுத்தி, அதற்கான செலவை அவ்வூராரிடமே தண்டலாம் என்று அதன் பதினைந்தாம் பிரிவு கூறிற்று. அக்பர் காலத்து நூலில் அயலாரின் உறுதிமொழியாக இருந்த கூட்டுப்பொறுப்பு இங்கே கூட்டுத் தண்டனையாயிற்று. காவலர் சீருடை அணிந்து அரசாங்கத்தின் பக்கம் நின்றனர். தெருவார் எதிர்ப்பக்கம் நின்றனர்.

இதனினும் கொடியது 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம். அது 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாயிற்று. தனி மனிதர் செய்த குற்றத்திற்காக அன்றி, ஒரு குலத்திற் பிறந்ததற்காகவே மக்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். கைரேகை வைக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். மதுரை மாவட்டத்தில் ஊர்க்காவலைத் தம் உரிமைத் தொழிலாகக் கொண்டிருந்த கள்ளர் சமூகத்தாரும் இச்சட்டத்திற்கு ஆளாயினர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச்சூடு நடந்தது, பலர் உயிரிழந்தனர். விடுதலைக்குப் பின் 1952-இல் இச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. அயலாரை ஐயத்தோடு மட்டுமே நோக்கும் காவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இவ்வரலாறு அழியாத எச்சரிக்கையாகும்.

இனி, தமிழர் பெருவாரியாகக் குடியேறிய ஒரு நகரத்திற்கு வருவோம். பம்பாயின் தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மக்கள் வரத் தொடங்கினர். தோல் பதனிடும் தொழிலில் வல்ல தமிழ் முஸ்லிம்களும், அவர்களைப் பின்தொடர்ந்து ஆதிதிராவிட மக்களும் அங்கே குடியமைத்தனர். சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடிசை கட்டினர். பள்ளிவாசலும் கோயிலும் எழுப்பினர். தமிழ்ப் பள்ளி நடத்தினர். மாநகராட்சியின் குழாயோ விளக்கோ எட்டிப் பாராத இடம் அது. காவலரும் குற்றவாளியைத் தேடி வருவார்களே அன்றி, குடிமக்களின் குறை கேட்க வருவது அரிது. புகார் எழுதிக் கொடுக்க மராத்தியோ இந்தியோ அறியாதவர் பலர். 1966-ஆம் ஆண்டில் சிவசேனை தோன்றியபின் தென்னிந்தியருக்கு எதிரான முழக்கமும் எழவே, தம்மவர் அல்லாத எவரையும் நம்ப இயலாத நிலையில் ஏழைத் தமிழர் தனித்து நின்றனர்.

இந்த இடைவெளியில் மூன்றாமவன் மீண்டும் புகுந்தான். 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்திற்குப் பின் பம்பாயில் கள்ளச்சாராயம் பெருந்தொழிலாயிற்று. தூத்துக்குடியிற் பிறந்து, விக்டோரியா ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவராக வாழ்க்கையைத் தொடங்கிய வரதராச முதலியார் அத்தொழிலில் வளர்ந்தார். 1970-களில் மாதுங்கா, தாராவிப் பகுதிகளில் அவர் சொல்லே பலருக்குத் தீர்ப்பு. வழக்குத் தீர்த்தார், ஏழைகளுக்கு உதவினார், ஊரார் அவரை வாழ்த்தினர். காவல் நிலையம் செவிசாய்க்காத இடத்தில் அவர் வீட்டு வாயில் திறந்திருந்தது என்பது உண்மையே. ஆனால் அந்நீதிக்கு விலை ஒன்று இருந்தது. சாராயத்தால் குடும்பங்கள் அழிந்தன. அச்சத்தால் வாய்கள் மூடின. தமிழர் குடியிருப்பு என்றாலே குற்றவாளிகளின் உறைவிடம் என்ற பழி நேர்மையான உழைப்பாளிகள் மீதும் படிந்தது. 1980-களில் காவல்துறை அதிகாரி ஒய். சி. பவாரின் நடவடிக்கைகளால் அவருடைய செல்வாக்கு ஒடுங்கிற்று. சென்னைக்குத் திரும்பிய அவர் 1988-இல் காலமானார். அவர் வாழ்வைத் தழுவி எடுக்கப்பட்ட 'நாயகன்' திரைப்படத்தை 1987-இல் தமிழுலகம் வியந்து பார்த்தது. வியந்தவர்கள் ஒன்றை எண்ண வேண்டும். பழைய காவற் கூலிக்கும் துப்புக்கூலிக்கும் நேர்ந்த திரிபே பம்பாயில் மாமூல் என்ற பெயரோடு வந்தது. தலைவன் போனபின்னும், அவனை வரவழைத்த இடைவெளி அப்படியே இருந்தது.

அவ்விடைவெளியை எவ்வாறு நிரப்புவது? இதற்கு ஒரு வழியை, பம்பாய்க்கு அருகிலுள்ள பிவண்டி காட்டிற்று. பிவண்டி விசைத்தறி நகரம். உத்தரப் பிரதேசத்து நெசவாளரும், தெலுங்கு நாட்டுப் பத்மசாலியரும், உள்ளூர் மக்களும் நெருங்கி வாழும் ஊர். 1970-இலும் 1984-இலும் அங்கே கொடிய கலவரங்கள் நிகழ்ந்தன. 1988-இல் காவல்துறைத் துணைக் கமிஷனராக வந்த சுரேஷ் கோபடே, கலவரம் தொடங்கியபின் தடியோடு ஓடுவதைவிட அதற்கு முன்பே தெருவாரோடு அமர்வது மேல் என்று கருதினார். நகரத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, சுமார் எழுபது மொஹல்லாக் குழுக்களை அமைத்தார். ஒவ்வொன்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் இடம்பெற்றனர். அவ்வட்டாரத்துக் காவலரும் உடனமர்ந்தனர்.

அக்கூட்டங்களில் பேசப்பட்டவை பெரிய தத்துவங்கள் அல்ல. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, அடைபட்ட சாக்கடை, ஒலிபெருக்கி, ஊர்வலம் செல்லும் பாதை, குடித்துவிட்டுக் கூச்சலிடும் இளைஞர் ஆகிய சிறு பூசல்களே பேசப்பட்டன. சிறு பூசல் அன்றைக்கே தீர்ந்தால் அது பகையாக முற்றுவதில்லை. இதனினும் முக்கியமான பயன் ஒன்று விளைந்தது. அடுத்த தெருவில் இருப்பவரின் முகமும் பெயரும் தெரிந்துவிட்டன. வதந்தி ஒன்று கிளம்பினால், அது மெய்யா என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தார். 1992-ஆம் ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாய் பற்றி எரிந்தபோது, முன்பு கலவரத்திற்குப் பேர்போன பிவண்டி அமைதி காத்தது. இந்தியக் கலவரங்களை ஆராய்ந்த அறிஞர் ஆசுதோஷ் வார்ஷ்ணே 2002-இல் வெளியிட்ட நூலில் இதனைச் சிறந்த எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டுள்ளார்.

பம்பாயில் அவ்விரு மாதங்களில் 900 பேர் மாண்டனர் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. காவலரிடையே காணப்பட்ட பாரபட்சத்தையும் அது சுட்டிக் காட்டிற்று. தாராவியும் அத்தீயில் அகப்பட்டது. 1994-ஆம் ஆண்டில் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, முன்னாள் கமிஷனர் ஜூலியோ ரிபெய்ரோ, வணிகர் எப். டி. கோராக்கிவாலா, சமாதான ஊழியர் சுசோபா பார்வே ஆகியோர் முயற்சியால் பம்பாயிலும் மொஹல்லாக் குழுக்கள் தோன்றின. கலவரத்தில் அடிபட்ட முஸ்லிம் குடும்பங்களுக்குக் காவல் நிலையத்தின் படியேறவே மனம் வரவில்லை. அவர்களை அங்கே அழைத்துச் செல்வதும், காவலரை அக்குடியிருப்புகளுக்கு அழைத்து வருவதுமே முதல் வேலையாயிற்று. இளைஞரும் காவலரும் சேர்ந்தாடும் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தன. தாராவியில் பாவு கோர்டே, வகார் கான் என்னும் இரு நண்பர்கள், நான்கு சமயத்தாரின் உடையில் சிறுவர்களை நிறுத்திப் படமெடுத்து ஒற்றுமைச் சுவரொட்டிகளாகப் பரப்பினர். அவர்கள் பணியை 2003-ஆம் ஆண்டு வந்த 'நாத்தா' என்ற ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது.

இம்முறையில் குறைகளே இல்லையா என்று நேயர்கள் வினவலாம். உண்டு. அதே பிவண்டியில் 2006-ஆம் ஆண்டு ஜூலையில், காவல் நிலையக் கட்டடம் ஒன்றைப் பற்றிய தகராறு முற்றிப் பொதுமக்களிலும் காவலரிலும் உயிர்கள் பலியாயின. ஒருமுறை சம்பாதித்த நம்பிக்கை என்றென்றைக்கும் நிலைத்திராது. அதிகாரிகள் மாறுவர், குழுக்கள் சோர்வடையும். நாள்தோறும் பேணவேண்டிய பயிர் அது.

மற்றொரு பாடம் நம் தாயகத்தில் கிடைத்தது. 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல்துறைக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் 'காவல்துறை நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அது தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் துன்புறுத்தப்பட்டு இறந்தபோது, காவல் நிலையத்தோடு தொடர்புடைய தன்னார்வலர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வமைப்பினர் அதனை மறுத்தனர். எனினும், அடுத்த மாதமே தமிழக அரசு அவ்வமைப்பிற்குத் தடை விதித்தது. ஒரு குறிப்பிட்ட அமைப்பின் மீதான குற்றம் எது என்பது நம் ஆராய்ச்சி அன்று. குடிமகன் காவலரோடு சமமாக அமர்ந்து பேசுவது வேறு. காவலரின் தடியைக் கடன் வாங்கித் தெருவில் நிற்பது வேறு. பின்னதற்கு இடங்கொடுத்தால், விரட்டப்பட்ட மூன்றாமவன் அடையாள அட்டையோடு திரும்பி வரக்கூடும்.

ஆகவே, இத்தகைய கூட்டுறவுக்குச் சட்டத்தின் வரம்பு வேண்டும். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு இருபது காவல் நிலையங்களில் தொடங்கிய 'ஜனமைத்ரி' திட்டத்தில், அந்தந்த வட்டாரத்திற்கென நியமிக்கப்பட்ட காவலர் வீடுவீடாகச் சென்று அறிமுகம் செய்துகொள்கிறார். குடிமக்களின் குழு காவல் நிலையத்தோடு கூடிப் பேசுகிறது. 2011-ஆம் ஆண்டுக் கேரளப் போலீஸ் சட்டமும் மக்கள் பங்கேற்கும் காவலுக்கு இடமளித்தது. குடிமக்களின் பங்கு இன்னது, காவலரின் பங்கு இன்னது என்று வரையறுத்துக் கொள்வது இருசாராருக்கும் நன்மை.

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து வெளி மாநிலத் தமிழராகிய நாம் பெறத்தக்கது யாது? நாம் சென்ற இடமெல்லாம் தமிழ்ச் சங்கம் அமைக்கிறோம், கோயில் எழுப்புகிறோம், பொங்கல் விழா கொண்டாடுகிறோம். இவை நம்மை நமக்குள் இணைக்கின்றன. அடுத்த வீட்டு மராத்தியரோடும், எதிர்வீட்டுப் பஞ்சாபியரோடும், தெருமுனையில் நிற்கும் கான்ஸ்டபிளோடும் நம்மை இணைப்பவை எவை? நம்மவர் கூட்டத்திற்குள் மட்டுமே வாழ்ந்தால், அமைதி நிலவும் நாளில் அது சுகமாகத் தோன்றும். கலகம் மூளும் நாளில் நம்மை அறிந்தவர் ஒருவரும் அந்தத் தெருவில் இருக்கமாட்டார்.

ஒவ்வொரு சங்கமும் சில எளிய செயல்களைச் செய்யலாம். வட்டாரக் குடியிருப்போர் சங்கத்திலோ மொஹல்லாக் குழுவிலோ நம்மவர் ஒருவராவது, குறிப்பாகப் பெண்மணி ஒருவர், உறுப்பினராக வேண்டும். புதிதாக ஊரிலிருந்து வரும் தொழிலாளிக்கு, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தேவையான அளவுக்கேனும் அவ்வூர் மொழியைக் கற்பிக்க வேண்டும். அதுவரை அவரோடு துணைக்குச் செல்ல வேண்டும். சங்க விழாவிற்கு அப்பகுதிக் காவல் அதிகாரியையும் அயலாரையும் அழைக்க வேண்டும். நம்மைக் காட்டிலும் பின்னால் வந்த அசாமியரோ பீகாரியரோ அதே தெருவில் குடியேறினால், அவர்களை ஐயத்தோடு நோக்காமல் அக்குழுவிற்கு நாமே அழைத்துச் செல்ல வேண்டும். நேற்று நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

பத்து வீடுகளின் பெயரை அறிந்து வைத்திருக்குமாறு அர்த்தசாஸ்திரம் அரசின் ஊழியனுக்குக் கட்டளையிட்டது. அரசு தன் கடமையைச் செய்யட்டும். நம் வீட்டைச் சுற்றியுள்ள பத்து வீட்டாரின் பெயரை நாமும் அறிந்து, நம் பெயரையும் அவர்கள் அறியச் செய்தால், அத்தெருவில் மூன்றாமவனுக்கு வேலை இராது.